சாமிக்கல்லும் ரோமாபுரிச் சட்டியும்

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு வருகிற கூட்டத்துக்குப் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேயின் கட்டில்தான் முக்கியம். செயிண்ட் லூயி வீதியில், பாரதி பூங்காவை ஒட்டியிருக்கிறது அந்தப் பழைய கட்டடம். கட்டிலைப் பார்த்து, ஆள் தள்ளிக்கொண்டு போகிற புஷ்புஷ் வண்டியைப் பார்த்து, வெண்கலச் சாமிகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ஓடுகளும் மணிகளும் இருக்கிற பெட்டிகளின் முன்னால் நிற்கிறவர்கள் குறைவு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உடைந்த சட்டியைப் பார்க்கவா டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவார்கள்?

நான் அந்தச் சட்டியைப் பார்க்கத்தான் போயிருந்தேன். சேர்வராயன் மலையில் மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம், பிறகு உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் என்று பஸ் மாறிப் போகிற வழி. மலைக்காரனுக்கு அரிக்கமேட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். சொல்கிறேன், முதலில் சட்டி.

ரௌலெட்டட் மட்கலம் என்று தொல்லியல்காரர்கள் சொல்வது இதைத்தான். அகலமான, ஆழமில்லாத தட்டு. சாம்பலும் கறுப்புமாக நிறம். மெழுகு பூசியது போல வழவழவென்று இருக்கும். நல்ல துண்டாக இருந்தால் தட்டும்போது உலோகம் மாதிரி கணீரென்று ஒலிக்கும். உள்பக்கம், நடுவில், வட்டத்துக்குள் வட்டமாக எறும்பு ஊர்ந்த தடம் போல நுண்ணிய பள்ளங்கள் வரிசையாக ஓடுகின்றன. இதைக் கையால் ஒவ்வொன்றாகக் குத்தவில்லை. சக்கரம் சுழலும்போது வளையக்கூடிய மெல்லிய தகடு ஒன்றை ஈரம் உலர்ந்துவருகிற மண்மேல் லேசாகத் தொடவிட்டால், அது துள்ளித் துள்ளிப் பள்ளம் போட்டுக்கொண்டே போகும். செய்தவன் கையில் அவ்வளவு நிதானம் இருந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் தகடு கொஞ்சம் அழுந்தி, இரண்டு பள்ளங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம்.

1945இல் இந்தச் சட்டி யாருடையது என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதில்: ரோமாபுரியிலிருந்து வந்தது, அல்லது ரோமாபுரிக்காரர்களைப் பார்த்துச் செய்தது. இன்று கேட்டால் பதில் வேறு. மண்ணைச் சோதனைச்சாலையில் பகுத்துப் பார்த்தார்கள்; இந்திய மண்தான். இலங்கை அநுராதபுரத்திலும் இதே வகை கிடைக்கிறது. பாலித் தீவில் செம்பிரான் என்ற ஊரிலும் கிடைத்தது. எகிப்துக் கடற்கரையில் பெரெனிகே துறைமுகத்திலும் கிடைத்தது. ஆக, மேற்கிலிருந்து இங்கே வந்த சரக்கு என்று அரை நூற்றாண்டு எழுதிவைத்திருந்தது, இங்கிருந்து எல்லாத் திசைக்கும் போன சரக்கு. சட்டி மாறவில்லை. பக்கத்தில் வைத்த குறிப்புச் சீட்டுதான் மாறியிருக்கிறது.

எங்கள் மலையில் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இதில் ஈடுபாடு.

சேர்வராயன் மலை ஊர்களில் சின்னச் சின்னக் கோயில்கள் உண்டு. சுவர்கூட இருக்காது, நாலு கல் அடுக்கி மேலே ஒரு பலகைக்கல். உள்ளே பார்த்தால் கறுப்புக் கற்கள் குவிந்திருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஒரு முனை கூராக, ஒரு முனை அகலமாக, தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்கியவை. எண்ணெய் ஊறி மினுங்கும். பிள்ளையார் என்று கும்பிடுகிற ஊரும் உண்டு, வெறுமனே சாமிக்கல் என்கிற ஊரும் உண்டு. வானத்திலிருந்து இடியோடு விழுந்தது என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உழும்போதோ, காபிக்குக் குழி வெட்டும்போதோ கிடைத்தால் எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் வைத்துவிடுவது வழக்கம். வீட்டில் வைக்கக்கூடாது.

அவை புதிய கற்காலத்துக் கோடரிகள். மரத்துக் காம்பில் பொருத்தி, காடு வெட்டி, மலைச்சரிவில் முதல் வெள்ளாமை போட்டவர்களின் கருவி. இதை முதலில் ஊன்றிப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். நிலப்பொதியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று காட்டியவர். தமிழறிஞர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வந்து குடியிருந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்தார். ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் படகுத்துறையிலிருந்து லேடீஸ் சீட் வரைக்கும் எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறார்கள், இந்தக் கல்லை மட்டும் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு சின்ன மனக்குறை.

அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. எங்கள் மலைக் கற்களும் அதில் உண்டு. சாமியாக இருந்தது எழும்பூரில் எண் எழுதப்பட்டு அலமாரிக்குள் போயிற்று.

அந்த எழும்பூர் அலமாரிதான் கதையை அரிக்கமேட்டோடு சேர்க்கிறது. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்த மார்டிமர் வீலர், அதே ஆண்டு ஜூலையில் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரியைத் திறந்து துழாவியபோது கையில் ஒரு சாடியின் கழுத்தும் கைப்பிடியும் தட்டுப்பட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயின் ஊற்றி அனுப்புகிற ஆம்போரா. எங்கே கிடைத்தது என்று கேட்க, பாண்டிச்சேரிப் பக்கம் அரிக்கமேடு என்றார்கள். உடனே புறப்பட்டுப் போனார். அடுத்த ஆண்டே அகழாய்வு. வீலர் எழுதினால் துப்பறியும் கதை மாதிரி இருக்கும். இந்தக் காட்சியை அவர் சொன்னவிதத்தில்தான் உலகம் தெரிந்துவைத்திருக்கிறது.

ஆனால் அந்தச் சாடி எழும்பூர் அலமாரிக்குள் தானாக நடந்து வரவில்லையே. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அய்யப்பன் அதற்கு முன்பே அரிக்கமேட்டுக்குப் போய்ப் பார்த்து, 1941 மார்ச்சில் 'தி இந்து' நாளிதழில் அதைத் தெற்கத்தித் தட்சசீலம் என்று எழுதிவிட்டார். அவருக்கும் முன்னால் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் இருந்தார். 1937 வாக்கில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மேட்டில் பொறுக்கி வந்து காட்டிய பொருள்களில் ஒரு மனிதத் தலை செதுக்கிய மணிக்கல் இருந்தது. ரோமாபுரிப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்றார்கள். அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில், சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கவென்று கடல் கடந்து வந்து, 1769 ஜூனில் சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடி ஏமாந்துபோன வானியலாளர் லெ ழாந்தி, அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினத்து இடிபாடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லாருக்கும் முன்னால் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெரிய பெரிய பழஞ்செங்கல் கிடைக்கிற இடம் என்று எடுத்துக்கொண்டு போய் வீடு கட்டியவர்கள் அவர்கள்தானே.

வீலர் செய்தது வேறு பெரிய காரியம். தென்னிந்தியாவில் அதுவரை எந்த மட்பாண்டம் எந்த நூற்றாண்டு என்று அடித்துச் சொல்ல வழியில்லை. இத்தாலியில் அரெட்சோ ஊரில் செய்த சிவப்புத் தட்டு அரிக்கமேட்டில் கிடைத்தது. அரிட்டைன் என்கிற வகை. அதன் அடியில் விபி, கமுரி, இட்டா என்று தயாரித்தவர்களின் முத்திரை. இத்தாலியில் அந்தத் தட்டுக்கு வயது துல்லியமாகத் தெரியும். அப்படியானால் அதே அடுக்கில் கிடைத்த நம்மூர்ச் சட்டிக்கும் வயது தெரிந்துவிட்டது. கிபி முதல் நூற்றாண்டு. அந்த ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரிக்குப் போனார். பிறகு தெற்கில் கிடைத்த எந்தக் குழிக்கும் காலம் சொல்ல இதுவே அளவுகோல் ஆயிற்று.

அவர் தவறிய இடமும் அதுதான். இத்தாலித் தட்டைப் பார்த்த கண்ணுக்கு எல்லாமே இத்தாலியாகத் தெரிந்தது. 150 அடி நீளத்தில் ஒரு கட்டடம் வந்தது, கிடங்கு என்றார். 1946இல் வெளியான அறிக்கைக்கே இந்தோ-ரோமானிய வணிக நிலையம் என்று தலைப்பு. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவோடு மறுபடி தோண்டினார். ரோமாபுரிக் கப்பல் வருவதற்கு முன்பே, கிமு 2ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஊர் இருந்தது; ரோமாபுரி வணிகம் தேய்ந்த பிறகும் வெகுகாலம் இருந்தது. ஆம்போரா என்று எழுதிவைத்த துண்டுகளிலும் சில மெசொப்பொத்தேமியப் பக்கத்துச் சாடிகள் என்று பிற்பாடு ஆய்வாளர் ரொபெர்டா டாம்பர் பிரித்துக் காட்டினார். தமிழி எழுத்து கீறிய ஓடுகளும் அங்கே உண்டு. இன்று எவரும் அதை ரோமாபுரிக் குடியிருப்பு என்று சொல்வதில்லை. தமிழ்த் துறைமுகம், அங்கே கிரேக்கர், ரோமர் உட்பட எல்லாரும் வந்து போனார்கள். 'பெரிப்ளஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு சொல்லும் பொதுகே இதுதான் என்பது பெரும்பாலோர் முடிவு.

மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். புதுச்சேரியிலிருந்து தெற்கே 4 கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடப்போகிற இடத்தில், காக்காயன்தோப்புப் பக்கம். மாமரமும் தென்னையும். பிரெஞ்சுப் பாதிரிமாரின் குருமடத்தில் மிஞ்சிய சுவர்கள் நிற்கின்றன. முதல் தடவை வருகிறவர்கள் அதைத்தான் ரோமாபுரிக் கட்டடம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தோண்டியதை எல்லாம் மறுபடி மூடிவிட்டார்கள், அதுதான் முறை. அதனால் பார்க்க ஒன்றுமில்லை. குனிந்து நடந்தால் மட்டும் மண்ணில் ஓட்டுச் சில்லுகள் தெரியும். எடுக்கக்கூடாது, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம்.

அன்று அப்படி இல்லை. மழை பெய்து மண் அரித்தால் மணிகள் மேலே வரும், பிள்ளைகள் பொறுக்குவார்கள். கடுகளவு கண்ணாடி மணிகள் அவை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலில் போட்டுச் சூடாக்கி முனை மழுக்குகிற தொழில். இதே வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுக்கக் கிடைக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் வேர் தேடிப் போனபோது, குழல் இழுக்கிற அந்தப் பழைய முறை திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டார். எனக்கென்னவோ அகஸ்டஸ் தலையைவிட இந்தக் கடுகு மணிதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அகஸ்டஸ் இங்கே வந்த சரக்கு. மணி இங்கே செய்தது.

கிடைத்ததெல்லாம் எங்கே போயிற்று? 1940களில் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்ததில் ஒரு பகுதி வியட்நாமில் ஹனோய் வரைக்கும் போனது, அப்போது அதுவும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால். ஒரு பகுதி பாரிஸ் கிமே அருங்காட்சியகத்தில். கொஞ்சம் சென்னையில். மிச்சம் புதுச்சேரிக் கண்ணாடிப் பெட்டியில், தூப்ளேயின் கட்டிலோடு ஒரே கூரையின் கீழ். ஒரே அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த பொருள்கள் மூன்று நாட்டில் கிடக்கின்றன.

காசுகளின் கதை இன்னும் மோசம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் 1898இல் ஒரே இடத்தில் 501 ரோமாபுரிப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. அந்தப் புதையலின் காசுகள் இன்று லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அது கிடைத்த வட்டாரத்துப் பிள்ளைக்கு அதைப் பார்க்க விசா வேண்டும். லண்டனுக்குப் போனதாவது காசாக இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஆசாரி உலையில் உருகிக் காசுமாலையாகவும் வளையலாகவும் போனதற்குக் கணக்கு வைத்தவர் இல்லை.

எங்கள் சேலம் மாவட்டமும் இந்த வணிகப் பாதைக்கு வெளியே இல்லை. 1987இல் கோனேரிப்பட்டியில் ரோமாபுரி வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வணிகம் கொடுமணல், கரூர் என்று காவிரியைத் தொட்டுப் போனது. அமராவதி ஆற்றில் மணலைச் சலித்து இன்றைக்கும் பழங்காசு தேடுகிறவர்கள் உண்டு. கொங்குநாட்டு மணிக்கற்கள்மேல் மேற்கத்தியருக்கு ஆசை. மிளகுமேல் அதைவிட ஆசை. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமாபுரி எழுத்தாளர் பிளினி அந்தக் காலத்திலேயே புலம்பியிருக்கிறார். அவர் புலம்பிய மிளகு மேற்குக் கரை மிளகு. மாரமங்கலத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியதெல்லாம் காபித் தோட்டம் வந்த பிறகுதான். வியாபாரி கேட்கிற விலையைப் பார்த்தால் இப்போது புலம்புவது நாங்கள்.

சட்டம் என்று ஒன்று அன்றும் இருந்தது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். இன்றும் அதே சட்டம், அதே பத்து ரூபாய். மாறியது மனசுதான் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் எடுத்ததைச் சென்னைக்குக் கொண்டுபோனால் அதுவே மரியாதை என்று ஊர் நினைத்தது. கீழடிக்குப் பிறகு அப்படி இல்லை. அங்கே 2014இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கி, பொருள்களை மைசூருக்கு எடுத்துப்போகப் பேச்சு வந்தபோது அதைத் தடுக்க நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2023 மார்ச்சில் அந்த இடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தாயிற்று, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில். அதே ஆண்டு ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிக்குமேல் கண்ணாடி போட்டு, எலும்பும் தாழியும் கிடந்தபடியே பார்க்கவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கீழடியில் பஸ் பஸ்ஸாகப் பள்ளிப்பிள்ளைகள் வருகிறார்கள். அரிக்கமேட்டுக்கு அந்த வாய்ப்பு 1945இலேயே வந்திருக்க வேண்டியது.

ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எங்கள் பக்கத்துச் சாமிக்கல் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவர் அவர். சட்டியைப் போனில் எடுத்த படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இத ரோமாபுரின்னு சொன்னாங்களா? நம்ம குசவர் வேலை மாதிரியில்ல இருக்குது."

ஐம்பது வருட ஆராய்ச்சியை இப்படி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான் மெல்ல விஷயத்துக்கு வந்தேன். கோயிலில் இருக்கிற கல் நாலைந்தாயிரம் வருடப் பழசாக இருக்கலாம், சேலம் அருங்காட்சியகத்தில் கொடுத்தால் பத்திரமாக இருக்கும், குறிப்பு எழுதி வைப்பார்கள் என்றேன்.

"இங்க பத்திரமா இல்லீங்கறியா?"

பதில் சொல்ல முடியவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் துரைமார் கண்ணில் படாமல் தப்பியவை இந்தக் கோயில்களில் மிஞ்சிய கற்கள்தான். சாமி என்ற பேர்தான் பூட்டாக இருந்து காத்தது. அதே நேரத்தில், எந்தக் காட்டில், எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்கிற விவரத்தைத் துடைத்தழித்ததும் அந்த வழக்கம்தான். வீலருக்கு இத்தாலித் தட்டுப் பக்கத்தில் கிடந்ததால்தான் சட்டிக்கு வயது தெரிந்தது, கோயில் குவியலில் எல்லாக் கல்லும் ஒன்றுதான். இதையும் சொன்னேன். இனிமேல் எவனாவது குழி வெட்டும்போது கல் கிடைத்தால், எடுப்பதற்கு முன்னால் கிடந்த இடத்தைப் போனில் ஒரு படம், பக்கத்தில் ஒரு அடையாளம், அப்புறம் வி.ஏ.ஓ.வுக்கு ஒரு தகவல். இவ்வளவு போதும் என்றேன்.

பெரியப்பா கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தார்.

"இனிமே கெடைக்கிறதுக்குச் சொல்லுறேன், பசங்க கேப்பானுங்க. இருக்கறத மட்டும் தூக்கக் கூடாது தம்பி. ஆபீசருங்க வந்து பாக்கறதுன்னா வரட்டும், அளந்துக்கட்டும், எழுதிக்கட்டும், படம் புடிச்சுக்கட்டும். செருப்பக் கழட்டிட்டு வரணும். வெள்ளிக்கெழம வேண்டாம், அன்னைக்கு எண்ணெக்காப்பு இருக்குது, கல்லெல்லாம் வழுக்கும்."